தீனி போடாத மீன் தொட்டி: வெயில், பச்சைத் தண்ணீர், கசடு

தீனி டப்பாவைத் தொடாமல் பத்து கப்பி மீன்களை வளர்க்க முடியுமா என்று ஆரம்பித்த வேலை, ஒருவழியாக நிலைத்து நிற்கிறது. மீன்கள் குட்டியும் போட்டுவிட்டன. வெயிலில் பாசி வளர்கிறது, பாசியை, நீரில் துள்ளி நீந்தும் சிற்றுயிரான நீர்த்தெள்ளு தின்கிறது, தெள்ளை மீன் தின்கிறது, மீனின் கழிவு மக்கித் திரும்பப் பாசிக்கே போகிறது. பாடப்புத்தகத்தில் இதை ஒரு வட்டமாக வரைந்து நான்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்புக்குறி ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்த்தால் எங்கெங்கே அறுந்து போகிறது என்று எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

மொத்தம் நான்கு பாத்திரங்கள். முதலாவது பாசித் தொட்டி. அகலமான பிளாஸ்டிக் தொட்டி, மேற்பரப்பு 0.4 சதுர மீட்டர், தண்ணீர் ஆழம் 15 செ.மீ., ஆக 60 லிட்டர். இரண்டாவது தெள்ளுத் தொட்டி, 40 லிட்டர், நிழலில். மூன்றாவது மீன் தொட்டி, 60 லிட்டர். நான்காவதாக ஒரு அகலமான வாளி. அது முதல் திட்டத்தில் இல்லை. எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன். பாசித் தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே, அதற்குக் கீழே தெள்ளு, அதற்கும் கீழே மீன். தண்ணீர் தானாகவே கீழே இறங்கும். அடியிலிருந்து மேலே கொண்டுபோவது மட்டும் கைவேலை.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டர், அம்மோனியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட், மிக மெல்லிய வலைத்துணி, அரை அங்குல சைஃபன் குழாய், 3 வாட் ஏர் பம்ப். இவற்றோடு ஒரு குச்சியின் முனையில் ஒட்டிய வெள்ளை பிளாஸ்டிக் தட்டு. இதில் அதிகம் உதவியது அந்தத் தட்டுதான். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி கடல் நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்திய அதே முறை: தட்டை மெதுவாக இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாசி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதை இதைவிட வேகமாகச் சொல்லும் கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

பாசித் தொட்டியில் குளோரின் போவதற்காகத் திறந்து வைத்திருந்த தண்ணீரை நிரப்பி, பழைய மீன் தொட்டி ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரை விதையாக ஊற்றினேன். எருவாக 2 கிராம் யூரியா, 2 கிராம் சூப்பர் பாஸ்பேட். கணக்கு எளிது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 0.92 கிராம் நைட்ரஜன். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தைப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7 சதவீதம், அதாவது 0.14 கிராம். எடைக்கு எடை பார்த்தால் ஏழுக்கு ஒன்றை ஒட்டி வருகிறது. கடலியல் அறிஞர் ரெட்ஃபீல்ட் கடல் மிதவை உயிர்களில் கண்ட விகிதமும், 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு, எடையில் அதே ஏழுக்கு ஒன்றுதான். இந்த எருவை ஒரே ஒரு முறைதான் போடுவது, அப்புறம் உள்ளே இருப்பதே சுற்ற வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட விதி.

நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. வெள்ளைத் தட்டு 6 செ.மீ. ஆழத்திலேயே மறைந்தது. மேலே கொசுவலை போட்டிருந்தேன். வலை கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கும், ஆனாலும் அது இல்லாமல் திறந்த தொட்டி வைக்கவே கூடாது. கொசுப்புழு பாசியைத் தின்று, இறக்கை முளைத்துப் பறந்துபோனால் நாம் போட்ட சத்தும் அதோடு பறந்துவிடும். நோய்க் கவலை இருக்கவே இருக்கிறது.

தெள்ளுக்கு மொய்னாவைத் தேர்ந்தெடுத்தேன். டாஃப்னியா என்ற பரவலான நீர்த்தெள்ளின் உறவுதான், ஆனால் சிறியது. முழுதாக வளர்ந்தாலும் 1.5 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், கப்பியின் வாய்க்குப் பொருத்தம். சூட்டையும் நன்றாகத் தாங்கும். முதலில் விட்ட கூட்டம் நன்றாகத்தான் பெருகியது. பிறகு ஒரு மாலையில் பாசித் தொட்டியிலிருந்து ஆறு லிட்டர் இறக்கிவிட்டேன். மறுநாள் காலையில் பெரும்பகுதி அடியில் வெள்ளைத் தூளாகக் கிடந்தது.

காரணம் பி.எச். மீட்டரை வைத்ததும் தெரிந்தது. வெயில் நேரத்தில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது, பி.எச். ஏறுகிறது. மாலையில் 9.5-ஐத் தாண்டியிருந்தது. அதே தண்ணீர் விடியற்காலையில் 7.8. தண்ணீரில் கொஞ்சம் அம்மோனியா இருந்தாலும் 25 டிகிரி சூட்டில், பி.எச். 7-இல் அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவத்தில் இருக்கும். 8-இல் ஏறக்குறைய 5 சதவீதம். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். யூரியாவிலிருந்து பிரிந்த அம்மோனியா முழுதும் தீராத தண்ணீரை, அது மிகவும் நச்சாக இருக்கும் நேரம் பார்த்து இறக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து பச்சைத் தண்ணீரை விடியற்காலையில் மட்டும்தான் எடுக்கிறேன். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா நிறம் தெரியும் நாளில் எடுப்பதில்லை. மொய்னா அப்படிச் செத்துக் கிடந்ததை மறுபடி பார்க்கவில்லை.

அடுத்த இடைஞ்சல் எதிர்த்திசையில் வந்தது. தெள்ளுத் தொட்டியில் முக்கியெடுத்த அதே குவளையைப் பாசித் தொட்டியிலும் முக்கியதால் சில மொய்னா அங்கே போய்விட்டன. அங்கே அவற்றைத் தின்ன மீன் இல்லை, தீனியோ கணக்கில்லாமல் இருக்கிறது. சில நாளில் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரும் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. மேய்கிற உயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் பிரித்து வைக்காவிட்டால் இவ்வளவு சின்ன அளவில் ஒன்றும் நிற்காது. குளத்தில் ஆழமும் செடி மறைவும் மீனும் சேர்ந்து அந்தப் பிரிவினையைச் செய்கின்றன. இங்கே தனிக் குவளையும் வலைத்துணியும் செய்ய வேண்டும். மேலே போகும் தண்ணீர் எதுவானாலும் இப்போது துணியில் வடிகட்டாமல் ஊற்றுவதில்லை.

மீனை விட்ட பிறகுதான் எடை போட ஆரம்பித்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாசியின் எடைக்கு, 5 லிட்டர் பச்சைத் தண்ணீரை இருட்டான குளிர்ந்த இடத்தில் இரண்டு நாள் அசையாமல் வைத்தேன். பாசி அடியில் படிந்தது. மேல் நீரைச் சைஃபனால் மெதுவாக எடுத்துவிட்டு, மிஞ்சிய பச்சைக் குழம்பை முன்பே எடை போட்ட அலுமினியத் தாளில் ஊற்றிக் காயவைத்தேன். உலர் எடை 1 கிராமை ஒட்டி வந்தது. அதாவது லிட்டருக்கு 0.2 கிராம். படியாமல் மேலோடு போகும் பாசி கொஞ்சம் இருக்கும், ஆகவே உண்மை அளவு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். தினமும் இறக்குவது 6 லிட்டர், அதில் 1.2 கிராம் உலர் பாசி.

மொய்னாவை வலைத்துணியில் பிடித்து, துணியின் அடியில் ஒற்றுத்தாளை வைத்து நீரை உறிஞ்சவிட்டு எடை போட்டேன். தினமும் சராசரியாக 1.5 கிராம் ஈர எடை எடுக்க முடிந்தது. அதற்கு மேல் எடுத்தால் சில நாளில் கூட்டம் மெலிகிறது. மொய்னா பெரும்பாலும் தண்ணீர்தான். காயவைத்துப் பார்த்ததில் 7 சதவீதம் மிஞ்சியது. ஆக 0.105 கிராம் உலர் எடை.

உலர்ந்த பாசி, உலர்ந்த மொய்னா இரண்டுக்குமே கிராமுக்குத் தோராயமாக 20 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வருகிறது. பாசித் தொட்டி இருக்கும் இடத்தில் நேரடி வெயில் அரைநாள்தான். சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 3 கிலோவாட் மணி என்று கொண்டால், 0.4 சதுர மீட்டரில் விழுவது 4300 கிலோஜூல். அதில் பாசியாக என் கைக்கு வருவது 24. மொய்னாவாக வருவது 2.1. பத்து மீனும் சேர்ந்து 4 கிராம் எடை. மாதம் ஒரு கிராமுக்குச் சற்று மேல் எடை கூடுகிறது. மீனிலும் பெரும்பகுதி தண்ணீர் என்பதைக் கழித்து, அதை நாள் கணக்காக மாற்றினால் 0.2 கிலோஜூல் வரும்.

4300, 24, 2.1, 0.2. இந்த நான்கு எண்களையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் இந்தத் தொட்டிகளின் அளவு எனக்குச் சரியாகப் புரிந்தது. நான்கு கிராம் மீனுக்கு 0.4 சதுர மீட்டர் வெயில். மீனைக் கூட்ட வேண்டுமென்றால் மீன் தொட்டியைப் பெரிதாக்கிப் பயனில்லை, வெயில் படும் பரப்பைத்தான் பெரிதாக்க வேண்டும். படிக்குப் படி பத்தில் ஒரு பங்குதான் போகும் என்று சொல்வது ஒரு சராசரி. சூழலியல் அறிஞர் ரேமண்ட் லிண்டெமன் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலுள்ள சீடர் பாக் ஏரியை வைத்து 1942-இல் வெளியிட்ட கணக்கில், தாவரத்திலிருந்து அதைத் தின்னும் உயிருக்கு 13.3 சதவீதமும், அதிலிருந்து அடுத்த படிக்கு 22.3 சதவீதமும் போயிருந்தது. என் தொட்டியில் முதல் படி 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அடுத்தது 10-ஐ ஒட்டி. மொய்னா தின்னாமல் விட்ட பாசி அடியில் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். குறைவுக்கு அது ஒரு காரணமாக இருக்கும்.

ஆற்றல் ஒரு வழிப் பயணம்தான், தினமும் புதிதாக வெயில் வர வேண்டும் என்பது இதில் தெளிவு. சத்து அப்படியில்லை, திரும்பி வர வேண்டும். அங்கேதான் நீண்ட நாள் சிக்கிக்கொண்டேன்.

முதல் ஏற்பாட்டில் மீன் தொட்டியின் மேல் தண்ணீரை, தினமும் 6 லிட்டர், வடிகட்டிப் பாசித் தொட்டிக்கு ஏற்றினேன். மீன் கழிவு கரைந்த தண்ணீர்தானே, எரு போய்ச் சேர்ந்துவிடும் என்பது எண்ணம். சில வாரம் தாங்கியது. பிறகு வெள்ளைத் தட்டு மறையும் ஆழம் 6-லிருந்து 8, அப்புறம் 11, கடைசியில் தொட்டியின் அடியிலேயே தட்டு தெரிந்தது. வெயில் குறையவில்லை, வடிகட்டுவதும் தவறவில்லை. மீன் தொட்டியின் மேல் நீரில் நைட்ரேட் ஏறக்குறைய இல்லை. அதன் மேற்பரப்பை மிதக்கும் செடிகள் மூடியிருந்தன. கரைந்த சத்தை அவை முதலில் எடுத்துக்கொண்டன. மீதி எல்லாம் தரையில் விரல் தடிமனுக்குக் கசடாகக் கிடந்தது. நான் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது வெறும் தண்ணீர்.

செடிகளில் முக்கால்வாசியை எடுத்தேன். அடிக்கசடைச் சைஃபனால் உறிஞ்சி நேராகப் பாசித் தொட்டியில் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பானது, வெளிச்சம் உள்ளே இறங்கவில்லை, அடியில் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அம்மோனியா டெஸ்ட் கடும்பச்சை காட்டியது. சத்து அங்கே இருக்கிறது, ஆனால் பாசி எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் இல்லை. பாக்டீரியாவுக்கு இடமும் நேரமும் காற்றும் கொடுக்காமல் இந்த அம்புக்குறியைத் தாண்ட முடியாது.

நான்காவது பாத்திரமான வாளி அப்படித்தான் வந்தது. கசடு கலந்த தண்ணீரை அதில் 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, காற்றைக் குமிழ்களாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு, காலையும் மாலையும் ஒரு குச்சியால் கிளறினேன். முதலில் அம்மோனியா ஏறியது. பிறகு அது இறங்க, நைட்ரேட் ஏறியது. நாற்றம் போய், மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் தயார் என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். டெஸ்ட் கிட்டும் அதை ஒத்துக்கொள்கிறது. தயாரானதும் காற்றை நிறுத்தி ஒரு மணி நேரம் படியவிட்டு, மேலே நிற்கும் வெளிர் பழுப்புத் தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டிப் பாசித் தொட்டிக்கு ஊற்றினேன். ஒரு வாரத்தில் தட்டு மறுபடி 6 செ.மீ. ஆழத்தில் மறைந்தது. யூரியா ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை.

வாளியில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. சில சுற்றுகளுக்குப் பிறகு அம்மோனியா குறையும் வேகம் மந்தமானது. பி.எச். 6.3. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா, வேலையின் போக்கில் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது: 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7.1 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அளவு. அதே 1 கிராமுக்கு ஏறக்குறைய 4.6 கிராம் ஆக்ஸிஜனும் வேண்டும். நொறுக்கிய சிப்பி ஓட்டை ஒரு கைப்பிடி துணிமூட்டையாகக் கட்டிப் போட்டதும் சரியானது. கிளறாமல் விட்ட நாள்களில் மறுபடி நாறுகிறது. கிளறலை விட்டால் தழைச்சத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாகி வெளியேறிவிடும் என்பதால் அந்த வேலையை நான் தள்ளிப்போடுவதில்லை. மணிச்சத்துக்கு அந்தக் கவலை இல்லை, காற்றில் போக அதற்கு வழி கிடையாது. ஆனால் அது அடியில் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆகவே வாளியின் அடிக்கசடை எறிவதில்லை. அடுத்த சுற்றுக்கு அதிலேயே புதுக் கசடைச் சேர்க்கிறேன். தேவையான பாக்டீரியாவும் அதில் ஏற்கெனவே இருப்பதால் அடுத்த சுற்று முந்தியதைவிட விரைவாக முடிகிறது.

இனி செலவு. 3 வாட் ஏர் பம்ப் நாள் முழுதும் ஓடினால் 72 வாட் மணி, அதாவது 259 கிலோஜூல். என் பாசித் தொட்டி ஒரு நாளில் எனக்குத் தருவது 24. வெயிலில் ஓடும் அமைப்பு என்று சொல்லிக்கொண்டு, பாசி பிடித்துத் தரும் ஆற்றலைப் போல ஏறக்குறைய பதினோரு மடங்கை மின்சாரமாகச் செலவழித்துக்கொண்டிருந்தேன். பண்ணையானாலும் கழிவுநீர் நிலையமானாலும் இந்த ஓர் எண்ணைக் கேட்காமல் இயற்கைச் சுழற்சி என்று சொல்வதை நான் இனி ஏற்பதில்லை. 6 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கையால் தூக்க ஆகும் வேலை 0.06 கிலோஜூல்தான். தண்ணீரைத் தூக்குவது மலிவு. அதற்குள் காற்றை இறக்குவதுதான் விலை அதிகம்.

அதனால் பம்புக்கு டைமர் போட்டேன். மீன் தொட்டியில் ஆக்ஸிஜன் மிகவும் குறைவது விடியலுக்கு முன்தான். இரவெல்லாம் பாசியும் செடியும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து ஆக்ஸிஜனை எடுக்கின்றன, யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. இரவு 2 மணி முதல் காலை 7 மணி வரை ஓட்டினால் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதில்லை. அதே பம்பின் இன்னொரு குழாய் அந்த நேரத்தில் வாளிக்குப் போகிறது. இப்போது 54 கிலோஜூல். இன்னும் பாசி தருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனால் குறைக்க வழி தெரிகிறது.

மறுபடி கட்டினால் மாற்றுவது இவை. பாசித் தொட்டியை ஒரு சதுர மீட்டருக்கு அகலமாக்கி, ஆழத்தை 10 செ.மீ.க்குக் குறைப்பேன், தட்டு மறையும் ஆழத்துக்குக் கீழே போகப் போகப் பாசிக்கு வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. வாளிக்குப் பதில் அடியில் துளைபோட்ட சரளைக்கல் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கசடு நீரைக் குவளையால் மேலிருந்து ஊற்றுவேன். மெல்லியதாக வழியும்போது காற்று தானே கலக்கும், பம்பின் வேலை பாதியாகக் குறைய வேண்டும். தெள்ளுத் தொட்டியை ஒன்றுக்கு இரண்டாக வைப்பேன், ஒன்று சரிந்தால் மற்றதிலிருந்து விதை எடுக்கலாம். ஆவியாகிக் குறையும் நீருக்கு மழைநீரை மட்டும்தான் சேர்ப்பேன். குழாய்த் தண்ணீரைச் சேர்த்துச் சேர்த்து உப்பு ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது கையில் இருக்கும் வேலை மீன் குட்டிகள். தினம் 1.5 கிராம் மொய்னாவுக்கு மேல் என்னிடம் இல்லை, ஆகவே 4 கிராமுக்கு மேற்பட்ட மீனைப் பிடித்து வேறு தொட்டிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது சத்தும் வெளியே போகிறது. மீனின் ஈர எடையில் தோராயமாக 2.5 சதவீதம் நைட்ரஜன், அரை சதவீதம் பாஸ்பரஸ் என்று கொண்டால், 4 கிராம் மீனோடு 0.1 கிராம் நைட்ரஜனும் 0.02 கிராம் பாஸ்பரஸும் போகும். ஈடுகட்ட 0.22 கிராம் யூரியா, 0.29 கிராம் சூப்பர் பாஸ்பேட். ஒருமுறைதான் எரு என்ற விதியைத் திருத்தி, எடுத்த எடைக்கு மட்டும் எரு என்று நோட்டில் மாற்றி எழுதிக்கொண்டேன்.